பீச் பழத்துக்கான சீன எழுத்து: பிறப்பையும் ஒலிகளையும் நீங்களே கண்டறிய முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி ஒரே ஒரு எழுத்தைப் பற்றியது. பீச் பழத்தைக் குறிக்கும் சீன எழுத்து எப்படி உருவானது, சீனாவின் பொதுமொழியான மாண்டரின் முதல் ஜப்பானியம் வரை அதை எப்படியெல்லாம் சொல்கிறார்கள், ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதை அகராதிகளை வைத்து நீங்களே கண்டுபிடிக்கும் முறை இது. முறை கைக்கு வந்துவிட்டால் வேறு பழங்களுக்கும் செல்லும். கடைசிப் படியில் இன்னொரு பழத்தைச் சோதித்துப் பார்ப்போம்.

பீச்சை எடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்த எழுத்துக்குப் பழைய வடிவம், எளிய வடிவம் என்ற பிரிவு கிடையாது; சீனா, தைவான், ஜப்பான் எங்கும் ஒரே எழுத்துதான். மாண்டரினில் இதற்கு ஒரே ஒலி. உள்ளே ஒலியைக் காட்டும் உறுப்பும் தெளிவாகத் தெரிகிறது. முதல் எழுத்தாக எடுத்துப் பழக இதைவிட வசதியானது கிடைப்பது கஷ்டம்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பொருளில் தொடங்குகிறார்கள். ஒரு பக்கம் மரம், மறு பக்கம் சகுனம். ஆக இது சகுனம் சொல்லும் மரம் என்று ஒரு கதை கட்டிவிட்டு, அப்புறம் ஒலிக்கு வருகிறார்கள். கதை மனதில் ஒட்டிக்கொண்ட பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு. ஆகவே வரிசை இதுதான்: முதலில் வடிவம், பிறகு ஒலி உறுப்பு, பிறகு பழைய ஒலி, அதிலிருந்து இன்றைய ஒலிகள். பொருள் கடைசியில் வரட்டும்.

1. தொடங்குமுன் தேவையானவை

சீன மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூன்று இலவசக் கருவிகள் போதும். ஒன்று, ஆங்கில விக்சனரி. எல்லா மொழி ஒலிகளும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். இரண்டு, சைனீஸ் டெக்ஸ்ட் புராஜெக்ட். பழைய அகராதிகளின் மூலப் பதிவுகளைப் பார்க்க. மூன்று, யூனிஹான் தரவுத்தளம். எழுத்தின் எண், கோடுகளின் எண்ணிக்கை போன்றவற்றைச் சரிபார்க்க.

ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் வரும் சின்னக் கணக்கைக் கையால் எழுதிப் பார்த்தால்தான் புரியும்.

எழுத்தை நினைவில் வைக்கக் கதை சொல்லும் செயலிகளை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். அவை மனப்பாடத்துக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் வரும் கதைக்கும் எழுத்தின் பிறப்புக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது.

2. எழுத்தைத் திரையில் வரவழையுங்கள்

சீன எழுத்துகள் சில கைபேசிகளில் வெறும் கட்டமாகத் தெரியும் என்பதால் நான் யூனிகோட் எண்களையே தருகிறேன். பீச் எழுத்தின் எண் 6843. விண்டோஸ் வேர்டிலோ லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலோ 6843 என்று தட்டுங்கள். இடைவெளி விடாமல் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எக்ஸ் விசையைத் தட்டினால் எண் எழுத்தாக மாறிவிடும்.

எண்ணுக்கு முன்னால் வேறு இலக்கம் ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்து விழுங்கிவிட்டு வேறு ஏதாவது வரும். அதனால் புதிய வரியில் தட்டுங்கள்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. இந்த 6843 பதினாறடிமான எண். நாம் எண்ணும் பத்தடிமான முறையில் இது 26691. இணையப் பக்கத்துக்கான குறியீட்டில் எந்த முறை கேட்கிறார்கள் என்று பார்க்காமல் 6843 என்று போட்டால் பீச் வராது.

கைபேசியில் என்றால் ஜிபோர்டில் சீனக் கையெழுத்து விசைப்பலகையைச் சேர்த்து விரலால் வரையலாம். ஆனால் நான்காம் படியைப் படித்துவிட்டு வரையுங்கள். கிட்டத்தட்ட இதே முகமுள்ள இன்னொரு எழுத்து குறுக்கே வரும்.

3. ஒலியைத் தமிழில் எழுதும் முறையை முடிவு செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். தாண்டினால் பின்னால் வரும் எதுவும் புரியாது.

மாண்டரினில் பீச்சின் ஒலியைத் தமிழில் 'தாவ்' என்று எழுதுவார்கள். அதை அப்படியே நாம் வாசித்தால் பெய்ஜிங்காரர் காதில் கத்தி என்றோ வழி என்றோதான் விழும். காரணம், மாண்டரினில் இரண்டு தகரங்கள் உண்டு. ஒன்று நம் 'தாத்தா'வின் முதல் தகரம் போல மூச்சு வெளிவராதது. இன்னொன்று மூச்சைத் தள்ளிச் சொல்வது. பீச் இரண்டாவது வகை.

தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. சுலோகப் புத்தகங்களில் த, த², த³, த⁴ என்று எண் போட்டு அச்சிடுவார்களே, அதே முறைதான். இரண்டு போட்டால் மூச்சொலி. மூன்று போட்டால் தொண்டை அதிரும் ஒலி, 'தயவு' என்பதில் வருவது. எண் இல்லாவிட்டால் வெறும் தகரம். ஆக மாண்டரினில் பீச் என்பது தா²வ்.

வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்துச் சொல்லிப் பாருங்கள். காற்று கையில் பட்டால் சரி.

அடுத்தது தொனி. மாண்டரினில் நான்கு தொனிகள். பீச் இரண்டாம் தொனி, அதாவது கீழிருந்து மேலேறுவது. கதவைத் தட்டும் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்கும்போது குரல் ஏறுமே, அந்த ஏற்றம். தொனியை இந்தக் கட்டுரையில் எண்ணால் குறிக்காமல் சொல்லாலேயே சொல்கிறேன். இல்லாவிட்டால் மேலெழுத்து எண்களோடு குழம்பிவிடும்.

4. எழுத்தை இரண்டாக வெட்டுங்கள்

பீச் எழுத்து இடம், வலம் என இரண்டு துண்டு. இடப்பக்கம் மரம் (6728), நான்கு கோடுகள். வலப்பக்கம் ஆறு கோடுகள் கொண்ட உறுப்பு (5146). மொத்தம் பத்து.

மரம் தனியாக நிற்கும்போது கடைசிக் கோடு வலப்புறம் நீண்டு இறங்கும். இடப்பக்க உறுப்பாக ஒதுங்கும்போது அந்தக் கோடு சின்னப் புள்ளியாகச் சுருங்கிவிடும். வலப்பக்கத் துண்டுக்கு இடம் விட வேண்டுமே, அதற்காகத்தான். நீட்டி எழுதினால் தவறான எழுத்து ஆகாது. ஆனால் புதியவர் எழுதியது என்று பார்த்த உடனே தெரியும்.

அகராதியில் தேட மரத்தைத்தான் தலைப்பாகக் கொள்ள வேண்டும். காங்ஷி என்ற பழைய சீன அகராதியின் 214 தலைப்பு உறுப்புகளில் மரம் 75ஆவது. மரத்துக்குக் கீழே, மீதி ஆறு கோடுகள் உள்ள எழுத்துகளின் வரிசையில் பீச் இருக்கும். மொத்தம் பத்து என்று தேடினால் கிடைக்காது. தலைப்பு உறுப்பின் கோடுகளைக் கழித்துவிட்டு மீதியை மட்டும்தான் எண்ணுவார்கள்.

இப்போது அந்த இரட்டை. எண் 6311 என்ற எழுத்தை வரவழைத்துப் பாருங்கள். வலப்பக்கம் அதே ஆறு கோடுகள். இடப்பக்கம் மட்டும் மரத்துக்குப் பதில் கை. பொருள் 'தோளில் காவடியாகத் தூக்குதல், பொறுக்கி எடுத்தல்'. விரலால் வரையும்போது மரத்தின் புள்ளியை விட்டுவிட்டால் செயலி இதைத்தான் நீட்டும். பட்டியலில் எப்போதும் இரண்டாவதையும் பாருங்கள்.

5. எது பொருள், எது ஒலி என்று பிரியுங்கள்

வெட்டிய இரண்டு துண்டுகளையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை ஒரு பக்கம் பொருளின் வகையையும் மறு பக்கம் ஒலியையும் காட்டுபவை. எது எது என்று ஊகிக்காமல் பழைய சான்றைப் பாருங்கள்.

சான்று சூ ஷென் என்பவர் கி.பி. 100இல் முடித்த ஷுவோவென் ஜியெசி அகராதி. 540 தலைப்புகளில் எழுத்துகளை வகைப்படுத்திய அகராதி அது. அதில் பீச்சுக்கான பதிவு மிகச் சின்னது: பழம், மர உறுப்பைச் சார்ந்த எழுத்து, 5146 அதன் ஒலி. அவ்வளவுதான். சகுனம் என்ற பேச்சே இல்லை.

இங்கேதான் கதை கட்டுகிறவர்கள் வாதாடுவார்கள். 5146 தனியாக நின்றால் 'சகுனம், அறிகுறி' என்று பொருள். ஆமை ஓட்டைச் சுட்டுக் குறி பார்க்கும்போது விழும் விரிசல் என்பது சூ ஷென் தந்த விளக்கம். பழைய வடிவங்களை வைத்து அதை வேறு விதமாக விளக்குகிற ஆய்வாளர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் பீச்சுக்கு அது தேவையில்லை. பழத்தின் பெயர் அந்த ஒலிக்கு நெருக்கமாக இருந்தது, எழுத்தை எடுத்துக்கொண்டார்கள்.

கதை கட்டும் ஆசை இன்று வந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1596இல் அச்சான பென்சாவ் காங்மு என்ற மருந்து நூலில் லீ ஷிஷென் இந்த எழுத்துக்கு ஒரு விளக்கம் தருகிறார். 5146 பெருந்தொகையைக் குறிக்கும் எண்ணுப்பெயரும்கூட. பீச் சீக்கிரம் பூக்கும், நடுவது சுலபம், ஏராளமாகக் காய்க்கும். அதனால் மரத்தோடு அந்தப் பெருந்தொகையைச் சேர்த்தார்கள் என்கிறார். ஆனால் அவரே உடனே, அது ஒலிக்காக வந்தது என்றும் சொல்வார்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார். நல்ல மருத்துவர், நிதானமாகத்தான் எழுதியிருக்கிறார். இன்று இணையத்தில் அந்த முதல் பாதி மட்டும்தான் சுற்றுகிறது.

ஒரு எச்சரிக்கை. ஷுவோவெனின் இன்றைய பதிப்புகளில் பதிவின் கடைசியில் இரண்டு எழுத்துகளால் உச்சரிப்பும் தந்திருப்பார்கள். அது சூ ஷென் எழுதியது இல்லை. கி.பி. 986இல் சூ ஷ்வானும் மற்றவர்களும் திருத்திய பதிப்பில் சேர்த்தது. அதைச் சூ ஷென் வாழ்ந்த ஹான் அரச வம்சக் காலத்து ஒலி என்று எடுத்துக்கொண்டால் கணக்கு பல நூற்றாண்டு தவறும்.

6. ஒலிக் குடும்பத்தைத் திரட்டுங்கள்

ஒலி உறுப்பு என்று சொன்னதும் எல்லாரும் கேட்கும் கேள்வி இது: 5146இன் மாண்டரின் ஒலி ஜாவ், பீச் தா²வ், இது எப்படி ஒலி காட்டும்?

ஒற்றை எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. அதே உறுப்பு உள்ள எழுத்துகளை ஒரு தாளில் எழுதுங்கள். 9003, 'தப்பியோடு', தா²வ், இரண்டாம் தொனி. பீச்சோடு அச்சு அசல் ஒரே ஒலி. பெண் உறுப்பு சேர்ந்தது ஒரு குடும்பப் பெயர், யாவ். 6311, தி²யாவ். கால் உறுப்பு சேர்ந்தது 'தாவிக் குதி', அதுவும் தி²யாவ், தொனி மட்டும் வேறு.

இப்போது ஜ, த², ய மூன்றும் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டன. இவற்றுக்குப் பொதுவான மூலம் எது? பாக்ஸ்டர், சகார் என்ற மொழியியலாளர்கள் இருவரும் 2014இல் வெளியிட்ட பழஞ்சீன மீட்டுருவாக்கத்தில், அதாவது பழைய ஒலிகளைச் சான்றுகளிலிருந்து ஊகித்து அமைத்ததில், இந்தக் குடும்பத்துக்கு லகரம் சார்ந்த முதல் ஒலியைத் தருகிறார்கள். அந்த லகரம் ஒருவகை அசையில் த³ ஆனது, இன்னொரு வகையில் ய ஆனது. பின்னால் ரகரம் ஒட்டியிருந்த இடத்தில், பல மாற்றங்களுக்குப் பிறகு மாண்டரினின் ஜகரம் வந்தது. எழுத்தை உருவாக்கியவர்கள் காதுக்கு இவை நெருங்கிய ஒலிகள். தூரம் பின்னால் வந்தது.

மீட்டுருவாக்கம் என்பது கருதுகோள், ஒலிப்பதிவு அல்ல. ஆனால் இந்த அளவுக்கு அதை நம்பலாம், ஏனென்றால் இதே த-ய-ஜ உறவு வேறு பல ஒலிக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது.

பீச் மரக்கட்டை பேய் ஓட்டும் என்ற நம்பிக்கைக்கு, தப்பியோடு என்ற சொல்லோடு ஒலி ஒன்றாக இருப்பதைக் காரணமாகச் சொல்வார்கள். சிலேடையாக அழகுதான். எழுத்தின் பிறப்பு என்ற பத்தியில் மட்டும் அதை எழுதிவிடாதீர்கள்.

7. இரண்டெழுத்து முறையில் பழைய ஒலியைக் கணக்கிடுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. இதற்குப் பிறகு வருவதெல்லாம் இதன் பலன்.

சீனத்தில் ஒலியெழுத்து கிடையாது. ஆகவே ஒரு எழுத்தின் ஒலியை வேறு இரண்டு எழுத்துகளால் காட்டினார்கள். முதல் எழுத்திலிருந்து தொடக்க மெய்யை எடு, இரண்டாவதிலிருந்து மீதி அசையையும் தொனியையும் எடு, இரண்டையும் ஒட்டு. 1008இல் வெளிவந்த குவாங்யுன் ஒலி அகராதியில் பீச்சுக்கு இருக்கும் இரண்டு எழுத்துகள்: 'சீடன்' என்ற பொருளுள்ள தூ², 'கத்தி' என்ற பொருளுள்ள தாவ் (5200).

எல்லாரும் முதலில் செய்வது இன்றைய மாண்டரின் ஒலிகளை ஒட்டுவது. தூ²விலிருந்து த², கத்தியிலிருந்து ஆவ். தா²வ். பலே, வந்துவிட்டதே என்று தோன்றும். தொனியைப் பாருங்கள். இன்று கத்தி முதல் தொனி, சமமாக உயரத்தில் நிற்பது. அப்படியானால் விடையும் முதல் தொனியாக வர வேண்டும். பீச்சோ இரண்டாம் தொனி. கணக்கு தப்பு.

காரணம், கணக்கு இன்றைய ஒலிக்குப் போட்டது இல்லை. பழைய மதிப்புகளை வையுங்கள். சீடனின் தொடக்கம் அன்று த³, தொண்டை அதிரும் ஒலி. கத்தியின் தொடக்கம் வெறும் த. அது நமக்கு வேண்டாம், தள்ளிவிடுங்கள். மீதி ஆவ், அன்றைய தொனியின் பெயர் 'சமம்'. ஒட்டினால் தா³வ், சமத் தொனி. இதுதான் இடைக்காலச் சீனத்தில் பீச்.

அப்புறம் வடக்கே அதிர்வொலிகள் மறைந்துபோயின. மறையும்போது தொனியில் தடம் விட்டுச் சென்றன. சமத் தொனி இரண்டாக உடைந்தது. அதிராத தொடக்கம் இருந்தவை இன்றைய முதல் தொனி. அதிர்ந்தவை இரண்டாம் தொனி. கத்தி முதலாவதிலும் பீச் இரண்டாவதிலும் போய் நின்றது அதனால்தான். கூடவே இன்னொரு விதி: சமத் தொனியில் இருந்த அதிர்வொலி மாண்டரினில் மூச்சொலியாகும். த³ இப்படித்தான் த² ஆனது.

விதி வேலை செய்கிறதா என்று பார்க்க 'வழி' என்ற எழுத்தை (9053) எடுங்கள். பழைய தொடக்கம் அதே த³, மீதி அதே ஆவ். வேறுபாடு ஒன்றுதான்: அது 'ஏற்றம்' என்ற பழைய தொனி, இன்றைய இரண்டாம் தொனி அல்ல. சமம் இல்லாததால் மூச்சு சேராது. தொனி நான்காவதுக்குப் போகும். இன்று வழி என்பது தாவ், நான்காம் தொனி. ஒரே மெய், ஒரே உயிர், தொனியால் மட்டும் பிரிந்தவை இன்று மெய்யிலும் பிரிந்து நிற்கின்றன. பீச்சோடு இந்த எழுத்தையும் அடுத்த படிக்குக் கொண்டுபோங்கள்.

8. இன்றைய மொழிகளுக்கு இறக்குங்கள்

இனி அகராதியைத் திறக்கும் முன் ஊகித்து எழுதிக்கொண்டு, பிறகு சரிபாருங்கள். முதலிலேயே பட்டியலைப் பார்த்தால் அது வெறும் மனப்பாடம்.

காண்டனீஸ் (இதுவும் அடுத்த மூன்றும் சீன மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை): மாண்டரின் போலவே சமத் தொனியில் மூச்சு சேரும். பீச் தோ²வ், தாழ்ந்து இறங்கும் தொனி. வழி தோவ், மூச்சு இல்லை. விதி அப்படியே நிற்கிறது.

ஹக்கா: இங்கே தொனி என்ன என்று பார்க்காமல் பழைய அதிர்வொலிகள் பொதுவாக எல்லாமே மூச்சொலியாகிவிடும். பீச், வழி இரண்டும் த².

ஷாங்காய்: அதிர்வு இன்னும் பிழைத்திருக்கிறது. பீச்சின் தொடக்கம் இன்றும் த³. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பதிவில் உள்ள வேறுபாட்டைக் காதாலேயே கேட்கலாம்.

ஹொக்கியன்: மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் வாசகர்கள் அதிகம் கேட்டிருக்கக்கூடியது. பீச் தோ². ஆனால் இங்கே நம் விதியைப் பூட்டி வையுங்கள். ஹொக்கியனில் பழைய அதிர்வொலிகள் பெரும்பாலும் மூச்சில்லாமல் போகும். சில சொற்களில் மூச்சோடு வரும். எது எது என்று குவாங்யுன் சொல்லாது. ஒவ்வொன்றாக அகராதியில் பார்க்க வேண்டியதுதான்.

வியட்நாமியம்: சீனத்திலிருந்து போன ஒலி தா³வ், தாழ்ந்து இறங்கும் தொனி. நாக்கு மேலண்ணத்தை நோக்கிப் போவதால் டகரம் போலக் கேட்கும். கத்திக்கும் இங்கே அதே அசை. தொனி மட்டும் தட்டையானது. ஏழாம் படியின் கணக்கை ஒரே பார்வையில் காட்டும் இணை இது: அதிராத தொடக்கம் தட்டையான தொனி, அதிர்ந்த தொடக்கம் இறங்கும் தொனி. ஒரு பொறி: 'தோண்டு' என்ற வினைச்சொல்லும் இதே ஒலி, இதே தொனி. அது வேறு சொல். நம் எழுத்தோடு சேர்க்காதீர்கள்.

கொரியம்: தோ. தொனி கிடையாது, பீச், வழி, கத்தி மூன்றும் ஒரே தோ. சொல்லின் முதலில் அதிராமலும் இரண்டு உயிர்களுக்கு நடுவே அதிர்ந்தும் ஒலிப்பது நம் தகரம் போலவே இருப்பதால் மேலெழுத்து எண் எதுவும் தேவையில்லை. பழத்தைக் கடையில் கேட்க இந்த ஒலி உதவாது. அதற்குக் கொரியத்தின் சொந்தச் சொல் 'பொக்சுங்ஆ'. தோ கூட்டுச் சொற்களில் மட்டும் வாழ்கிறது. அங்கேயும் சில சொற்களில் உருமாறிவிட்டது: வால்நட்டுக்கு ஹோதோ என்றிருந்தது ஹோது, பிளம் வகைக்கு ஜாதோ என்றிருந்தது ஜாது. தோ என்று மட்டும் தேடினால் இவை சிக்காது.

9. ஜப்பானியத்தைத் தனியாக வையுங்கள்

ஜப்பானியத்தை மேலே உள்ள பட்டியலோடு ஒரே வரியில் எழுதுவது பெரிய குழப்பத்துக்கு வழி. அங்கே ஒரே எழுத்துக்கு இரண்டு வகை ஒலி உண்டு. சீனத்திலிருந்து வந்த ஒலி ஓன். ஜப்பானியச் சொல்லை அந்த எழுத்தின் மேல் ஏற்றியது குன்.

பீச்சுக்குக் குன் ஒலி 'மொமோ'. இது ஜப்பானியச் சொல். தா³வ் எப்படி மொமோ ஆனது என்று ஒலி மாற்ற விதி தேடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அங்கே தேட எதுவுமே இல்லை.

ஓன் ஒலி இரண்டு. முன்னால் வந்த கோ-ஓன் அடுக்கில் அதிர்வு நிற்கும்: தோ³. சீனாவின் தாங் அரச வம்சக் காலத் தலைநகர் உச்சரிப்பைப் பின்பற்றிய கான்-ஓன் அடுக்கில் அதிர்வு போய்விடும்: தோ. அன்றாடப் பயன்பாட்டுக்கான ஜோயோ பட்டியல் தருவது தோ, மொமோ இரண்டை மட்டும்தான். ஜப்பானியரின் ஒலியெழுத்தான கானாவின் பழைய முறையில் 'தாஉ' என்று எழுதிவந்ததைப் பார்த்தால் ஆவ் எங்கே போனது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

எப்போது எது? தனியாக நின்று பழத்தைச் சொன்னால் மொமோ. இளஞ்சிவப்பு நிறம் மொமோஇரோ, அதன் இரண்டு எழுத்தும் குன். வெள்ளைச் சதை பீச் ஹகுதோ, இரண்டும் ஓன். கூட்டுச் சொல் என்றாலே ஓன்தான் என்று நினைத்துவிட வேண்டாம். பீச்சிலிருந்து பிறந்த நாட்டுப்புறக் கதை நாயகன் மொமோதரோவின் பெயரில் முன்பாதி குன், பின்பாதி ஓன்.

வால்நட்டை எழுதும் இரண்டு எழுத்துகளில் பின்னது பீச். சொல்லோ குருமி. இதில் எது பீச்சின் ஒலி என்று வெட்டிப் பார்க்காதீர்கள். முழுச் சொல்லை இரண்டு எழுத்துகளின் மேல் மொத்தமாகப் போர்த்திய வகை அது.

10. கூட்டுச் சொற்களில் பழத்தைத் தேடாதீர்கள்

இப்போதுதான் பொருளுக்கு வருகிறோம். சீனத்தில் பீச் எழுத்து பல காய் கனிகளுக்குப் பின்னொட்டாகப் போய் நிற்கிறது. இங்தா²வ் என்றால் செர்ரி. யாங்தா²வ் என்றால் ஸ்டார் ஃப்ரூட். மிஹோவ்தா²வ், குரங்கு பீச், நம் கடைகளில் கிவி என்று விற்பது. ஹதா²வ் வால்நட், இதில் மட்டும் தா²வ் தன் தொனியை இழந்து லேசாக முடியும்.

இவற்றில் எதுவும் பீச் இல்லை. மொழிபெயர்ப்புக் கருவி தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தால் ஏமாந்துவிடுவோம். ஜப்பானில் ஓதோ என்று கேட்டால் மஞ்சள் பீச்சாகவும் இருக்கலாம், செர்ரியாகவும் இருக்கலாம். எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும். வியட்நாமில் 'கொட்டை புரண்ட தா³வ்' என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. அது முந்திரி. கொட்டை வெளியே தொங்குகிறதல்லவா!

தொண்டையில் இருக்கும் டான்சிலுக்கும் சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றிலும் தட்டையான பீச் என்ற இரண்டெழுத்துதான் அடிப்படை. அது முதலில் பாதாமின் பெயர். பாதாம் வடிவம் என்பதால் உறுப்புக்குப் போனது. மருத்துவக் குறிப்பில் பீச் எழுத்தைக் கண்டால் பழத்தைத் தேட வேண்டாம்.

11. முறையை இன்னொரு பழத்தில் சோதியுங்கள்

எண் 6885ஐ வரவழையுங்கள். ஜப்பானில் ஊறுகாய் போடும் உமே, ஆங்கிலத்தில் பிளம் என்று சொல்லிவிடுவார்கள். இடப்பக்கம் மரம். வலப்பக்கம் 'ஒவ்வொரு' என்ற எழுத்து, மாண்டரினில் அதன் ஒலி 'மெய்'. பழத்தின் ஒலியும் 'மெய்', இரண்டாம் தொனி. ஒலி உறுப்பு கண்முன்னே தெரிகிறது.

ஷுவோவெனைத் திறந்தால் திடுக்கிடுவீர்கள். சூ ஷென் இதை 'நான்' என்று சீனப் பெயர் கொண்ட வேறொரு மரம் என்கிறார். 'புளிப்புப் பழம்' என்ற விளக்கம் இன்று 'யாரோ ஒருவர், இன்னார்' என்ற பொருளில் எழுதப்படும் எழுத்தின் கீழே இருக்கிறது. அகராதியைத் தவறாகத் திறந்துவிட்டோமோ என்று சந்தேகப்பட வேண்டாம். எழுத்தும் சொல்லும் இடம் மாறிக்கொண்ட வழக்கு இது. ஒலியை முதலில் பிடித்து வைத்திருந்தால் பொருள் இப்படி நழுவினாலும் வேலை நிற்காது.

குவாங்யுன் தரும் இரண்டெழுத்தின் பழைய மதிப்பில் தொடக்கம் மகரம், மீதி உஒய், சமத் தொனி. மகரம் அதிரும் ஒலி. ஆகவே மாண்டரினில் இரண்டாம் தொனி. சரி. காண்டனீஸில் முய், தாழ்ந்து இறங்கும் தொனி. அதுவும் சரி. ஜப்பானியக் கான்-ஓனில் பை³. அந்த அடுக்கில் மகரம் பகரமாவது வழக்கம்.

வியட்நாமியத்தில் மட்டும் இறங்கும் தொனியை ஊகித்திருந்தால் தவறாகும். அங்கே ஒலி 'மை', தட்டையான தொனி. மகரம், நகரம், லகரம் போன்றவற்றில் தொடங்கும் சமத் தொனிச் சொற்கள் வியட்நாமியத்தில் தட்டையாகவே வரும். இதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு அடுத்த பழத்துக்குப் போகலாம். மரம் கீழே இருக்கும் எழுத்துகளில் மட்டும் ஒலி உறுப்பைத் தேட அவசரப்படாதீர்கள். 'பழம்' என்ற எழுத்தே மரத்தின் உச்சியில் கனியை வரைந்த படம்தான். அதில் ஒலி உறுப்பே கிடையாது.